ஆடி மாதம் எரியாத விளக்கு

பிரிக்பீல்ட்ஸ்,
27.8.1991

நண்பர் அய்யாவு அவர்களுக்கு,

சீவரத்தினம் எழுதிக்கொள்வது. டெலிபோனில் கதைத்திருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டு டெலிபோன் ஹாலில் இருக்கிறது. நான் யாரையாவது கோபித்துக்கொண்டால் என் மனைவி குணபூசணி பக்கத்தில் வந்து நின்று, விட்டுப்போனதை எடுத்துக்கொடுப்பாள். உமது டெலிபோனோ பட்டறையில், காற்றடிக்கிற மெஷினுக்குப் பக்கத்தில். ஆகவே முப்பது வருடச் சிநேகத்தில் முதன்முறையாக உமக்கு முத்திரை ஒட்டுகிறேன்.

விஷயம் அந்தக் கார். இரண்டு வருடத்துக்கு முன் நீர்தான் கண்டுபிடித்துக் கொடுத்தீர். ஒரு தோட்டத்து டாக்டர் வைத்திருந்தது, 1977-ஆம் வருடத்து ஜெர்மன் கார், கப்பல் அளவு. "கிராணியாரே, பின்னால் எவ்வளவு பாரம் ஏற்றினாலும் தாழாது, தன்னைத் தானே தூக்கிக்கொள்ளும், ஒரு குறையும் கிடையாது" என்று பொனட்டின்மேல் கை வைத்துச் சொன்னீர். அந்தக் கையை நம்பி வாங்கினேன். ரெயில்வே ஆபீசில் கணக்கெழுதி, தலைமைக் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன் என் வயதில் காசி ராமேஸ்வரம் போவான். நான் கார் வாங்கினேன். பாவம் தொலைக்க வழியில்லை, அதில் ஏறிப் போகவாவது வசதியாக இருக்கட்டும் என்று.

ஜூன் மாதத்திலிருந்து டேஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு எரிகிறது. சஸ்பென்ஷனில் கோளாறு என்பதற்கான விளக்கு என்று கையேட்டில் போட்டிருக்கிறது. எரியும், பிறகு தானாக அணையும். உம்மிடம் மூன்று முறை தனியாக ஓட்டிக்கொண்டு வந்தேன். மூன்று முறையும் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரைக் கண்ட பிள்ளை மாதிரி கார் ஒழுங்காக நின்றது. நீரும் ஓட்டிப் பார்த்து, "ஒயர் லூஸா இருக்கும் லா" என்று சொல்லி, ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினீர்.

போன ஞாயிறு மறுபடி எரிந்தது. முக்கியமான பயணம், காரில் கௌரவமான ஆட்கள். என் சகலன் விநாயகமூர்த்தியை நீர் கண்டிருக்கிறீர். கஸ்டம்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு சீட்டில் அடங்காதவர். அவர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "சீவா, காருக்கும் பொட்டு வைச்சிருக்கிறீரோ?" என்று கேட்டார். வீடு வரும்வரை எல்லாரும் அதையே சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் கார் எனது என்று ஆகிவிடுமே.

நேற்று ஷா ஆலமில் வேறொரு பட்டறையில் காட்டினேன். இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். நான் ஒளித்துப் பழகியவன் அல்ல. அங்கே அடியில் படுத்துப் பார்த்தவன் எழுந்து வந்து, "அங்கிள், முழு சஸ்பென்ஷனும் போச்சு, வாங்கிக் கொடுத்தவருக்கு இது தெரியாம இருக்காது" என்றான்.

அய்யாவு, உமக்குத் தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் எழுதும்.

சீ. சீவரத்தினம்

*

கிள்ளான்,
30.8.1991

மரியாதைக்குரிய கிராணியார் அவர்களுக்கு,

அய்யாவு எழுதுவது. உங்கள் கடிதம் நேற்று வந்தது. டைப் அடித்த உறையைப் பார்த்ததும் என் சம்சாரம் இராஜம்மா கோர்ட்டிலிருந்து என்று நினைத்து, கையைக் கழுவிக்கொண்டு வந்து வாங்கினாள். இருபது மைல் தூரத்துக்குத் தபாலா என்று கேட்டாள். பெரிய மனிதர்கள் அப்படித்தான் என்றேன். முதலில் நின்றுகொண்டு படித்தேன், பிறகு உட்கார்ந்து. மூன்றாவது தடவை ஒரு லோரிக்கு அடியில் படுத்துக்கொண்டு படித்தேன். அங்கேதான் யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

ஷா ஆலம் பட்டறைக்குப் போனதாக எழுதியிருக்கிறீர்கள். இராஜம்மா வைத்த குழம்பில் உப்பு குறைவு என்று அவளிடம் சொல்லாமல், அடுத்த வீட்டில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து அவர்கள் என்ன சொன்னார்கள் என்று அவளிடமே ஒப்பித்தால் எப்படி இருக்கும்? எனக்கு அப்படி இருந்தது. ஆனாலும் நீங்கள் மறைக்காமல் சொன்னீர்கள், அதுவரைக்கும் சரி.

எனக்குத் தெரியாது. இதுதான் பதில். முப்பது வருஷத்துக்கு முன் செந்தூல் ரெயில்வே பட்டறையில் என் ஓவர்டைம் சீட்டை நீங்கள் சரி பார்த்துக் கொடுத்த நாளிலிருந்து நான் உங்களிடம் பொய் சொன்னது இரண்டே தடவை. இரண்டும் உங்கள் மேல்சட்டை நிறத்தைப் பற்றி.

இன்னொன்று கேட்க வேண்டும். நாலு வருஷமாக என்னை நீங்கள் 'சம்பந்தி' என்றுதான் கூப்பிடுகிறீர்கள். 87-ம் வருஷத் தீபாவளிக்கு உங்கள் வீட்டில் நாற்பது பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, எச்சில் கையோடு எழுந்து நின்று, "அய்யாவுவின் மகள் சந்திரகலாதான் என் மகன் கனகலிங்கத்துக்கு, பிள்ளைகள் விரும்புகிறார்கள், ஊர் பார்த்து, ஆள் பார்த்து நாங்கள் ஏன் குறுக்கே நிற்க வேண்டும்" என்று சொன்னீர்களே, அன்றிலிருந்து. பாசாரில் நீங்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு, மீன் விற்கிற சீனன்கூட என்னைச் 'சம்பந்தி' என்கிறான். அது என் பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். இந்தக் கடிதத்தில் 'நண்பர்' என்று போட்டிருக்கிறீர்கள். ஒரு சிவப்பு லைட்டுக்கு இவ்வளவு பெரிய தண்டனையா?

சந்திரகலாவுக்கு இருபத்தாறு முடிகிறது. சுங்கை பூலோவிலிருந்து நல்ல இடம் வந்தது, உங்கள் வாக்கை வைத்துத்தான் வேண்டாம் என்றேன். தை மாதம் என்றீர்கள். எந்தத் தை என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. முதலில் லைட்டைப் பார்ப்போம், பிறகு நீங்களே என் பெயரைத் திருப்பித் தருவீர்கள்.

வந்து வந்து போகிற பழுது என்னை மாதிரி மெக்கானிக் போமெனைக் கண்டால் ஒளிந்துகொள்ளும். டாக்டர் வீட்டு வாசலில் பல்வலி நின்றுபோகிற மாதிரி. அதனால் நான் காரைக் கேட்டுப் பிரயோஜனமில்லை, உங்களைத்தான் கேட்க வேண்டும். நீங்கள் 1958-லிருந்து டைரி எழுதுகிறவர். ஜூன் முதல் அந்தக் காரை வெளியே எடுத்த நாட்களை அப்படியே எழுதி அனுப்புங்கள். எரிந்த நாளும் வேண்டும், எரியாத நாளும் வேண்டும். தேதி, நேரம், எந்த ரோடு, மேடா சமமா, யார் யார் எங்கே உட்கார்ந்தார்கள், ஆளுக்கு எத்தனை கிலோ, பின்னால் பூட்டில், அதுதான் சாமான் வைக்கிற டிக்கியில், என்ன பாரம், ஓட்டியது யார். ஓட்டுகிறவர் கால் வைக்கிற விதத்தில்கூட எண்ணெய் ஆடும். ஒன்றையும் விட வேண்டாம்.

நான் உங்களை ஏமாற்றவில்லை என்று காட்ட எனக்கு வேறு வழி இல்லை.

உங்கள்,
அய்யாவு (சம்பந்தி என்று போடக் கை போனது, நிறுத்திக்கொண்டேன்)

*

பிரிக்பீல்ட்ஸ்,
5.9.1991

அய்யாவு அவர்களுக்கு,

உமது கடிதம் கிடைத்தது. 'நண்பர்' என்று போட்டதைப் பெரிதுபடுத்த வேண்டாம். கோபத்தில் எழுதினால் மரியாதை கூடிவிடுகிறது, அது என் சுபாவம்.

கேட்ட விபரங்கள் கீழே. முப்பத்திரண்டு வருடம் ரெயில் வண்டிகளின் பாரத்தையும் நேரத்தையும் எழுதியவன் நான். ஒரு காருக்கு எழுதுவது என்ன பெரிய காரியம்? குளியலறைத் தராசை ஹாலுக்குக் கொண்டுவந்து ஆட்களை ஏற்றினேன். சகலன் 108 கிலோ. அர்ச்சனைக்கு ஏற்ற எண் என்று சொன்னேன், அவருக்குப் பிடிக்கவில்லை. அவர் மனைவி, அதாவது குணபூசணியின் அக்கா நேசம்மா, 81. குணபூசணி ஏற மறுத்துவிட்டாள். உத்தேசமாக எழுபது என்று வைத்துக்கொள்ளும். அவள் கேட்டால் ஐம்பத்தெட்டு என்று நான் எழுதியதாகச் சொல்லவும். நான் 64. மகன் 66.

ஜூன் 23, ஞாயிறு. காலை 9.40 புறப்பாடு. பெட்டாலிங் ஜெயா, காசிங் மேட்டில் ஏறும்போது எரிந்தது. முன்னால் மகனும் நானும், பின்னால் மற்ற மூவர். ஓட்டியது கனகலிங்கம். அலுவல்: கோயில்.

ஜூலை 7, ஞாயிறு. நானும் மனைவியும், பெட்டாலிங் ஜெயாவில் அதே மேடு, கண் டாக்டர் வீடு. எரியவில்லை.

ஜூலை 14, ஞாயிறு. காலை 10.05. அதே மேடு, அதே ஐவர், அதே இருக்கைகள். எரிந்தது. ஓட்டியது கனகலிங்கம். அலுவல்: கோயில்.

ஜூலை 28. மோரிப் கடற்கரை, மனைவியோடு. எரியவில்லை. ஜூன் 30, ஜூலை 21, ஆகஸ்ட் 4, மூன்று நாளும் உமது பட்டறை, தனியாக. எரியவில்லை. ஆகஸ்ட் 11, பாசார், ஒரு மூட்டை அரிசி. எரியவில்லை. அந்த ஒரு மாதம் முழுக்க விளக்கு என்ற ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று.

ஆகஸ்ட் 25, ஞாயிறு. காலை 9.15. அதே மேடு, அதே ஐவர். பூட்டில் முப்பது கிலோ அளவில் தட்டுகளும் பழங்களும். பிரிக்பீல்ட்ஸ் ரயில் பாலம் தாண்டும்போதே எரிந்துவிட்டது, போய்ச் சேரும்வரை அணையவில்லை. திரும்பும்போதும் அப்படியே, வழி முழுக்க எரிந்தது. மாலை 4.10-க்கு வீடு. ஓட்டியது கனகலிங்கம். எனக்குக் கண்ணில் புரை, கூட்டமாகப் போனால் அவன்தான் ஓட்டுவான். அலுவல்: கோயில்.

இதிலிருந்து நீர் என்ன கண்டுபிடிக்கப் போகிறீர் என்று பார்க்கிறேன். ஷா ஆலம்காரன் கேள்வியே கேட்கவில்லை, விலைதான் சொன்னான்.

சீவரத்தினம்

*

கிள்ளான்,
9.9.1991

கிராணியார் அவர்களுக்கு,

கண்டுபிடித்துவிட்டேன்.

முதலில் கார். உங்கள் காரின் பின்பக்கம் ஸ்பிரிங்கை மட்டும் நம்பி நிற்கவில்லை. பின்னால் பாரம் ஏறினால் ஒரு பம்ப், தொட்டியிலிருந்து எண்ணெயை எடுத்துப் பின் சக்கரங்களின் மேலுள்ள குழாய்களுக்கு அனுப்பும். பின்பக்கம் எழுந்து சமமாக நிற்கும். எண்ணெய் அங்கே போனால் தொட்டியில் குறையும். தொட்டிக்குள் ஒரு மிதவை இருக்கிறது. எண்ணெய் இறங்கினால் மிதவை இறங்கும், லைட் எரியும். உங்கள் தொட்டியில் எண்ணெய் கொஞ்சம் குறைவு. நீங்கள் தனியாக வரும்போது அது போதும். விநாயகமூர்த்தி ஐயா ஏறினால் போதாது. மேடு ஏறும்போது எண்ணெய் ஒருபக்கம் ஒதுங்குவதால் அங்கே முதலில் எரியும். பூட்டிலும் பாரம் சேர்ந்தால் சம ரோட்டிலேயே எரியும். உங்கள் டைரியில் வரிக்கு வரி அப்படித்தான் இருக்கிறது. இவ்வளவுதான் வியாதி. முழு சஸ்பென்ஷனும் போச்சு என்று சொன்னவன் உங்கள் தலையைப் பார்த்துச் சொல்லியிருக்கிறான், காரைப் பார்த்துச் சொல்லவில்லை.

எண்ணெய் ஏன் குறைந்தது? அது என் தப்பு. உங்களிடம் கொடுக்கும் முன் ஒரு பழைய குழாயை மாற்றினேன். அந்தக் காருக்கென்று தனி எண்ணெய், கையில் இருந்ததை ஊற்றினேன், அளவு கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். மீதியை இரண்டு வருஷத்தில் மெல்லக் கசிந்தே அது குறைத்துக்கொண்டது. ஒரு குறையும் இல்லை என்று பொனட்டில் கை வைத்துச் சொன்னது பொய்தான். என் பக்கத்துக் குறை அரை லிட்டர். மன்னிக்க வேண்டும்.

இனி உங்கள் பக்கம்.

எழுதியதைச் சரி பார்க்க இராஜம்மாவின் நாள்காட்டியை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் கண்ணாடிக்கு ஒரு கால் கிடையாது, பிடித்துக்கொண்டுதான் படிக்க வேண்டும்; அதனால் மெதுவாகத்தான் போனேன். ஜூன் 23, வளர்பிறை, முகூர்த்த நாள். ஜூலை 14, வளர்பிறை, முகூர்த்த நாள். பிறகு ஆடி பிறந்துவிட்டது. ஆடி முழுக்க உங்கள் லைட் எரியவே இல்லை. ஆவணி பிறந்தது, வளர்பிறை ஞாயிற்றுக்கிழமை, மறுபடி எரிகிறது. நான் பத்தொன்பது வயதிலிருந்து கார்களுக்கு அடியில் படுத்துக்கிடக்கிறவன். ஆடி பார்க்கிற ஜெர்மன் காரை இதுவரை பார்த்ததில்லை.

முதலில் சிரித்தேன். இராஜம்மாவைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று வாயைக்கூடத் திறந்தேன். அப்புறம்தான் மூடினேன்.

நல்ல கோயில் உங்களுடையது. முகூர்த்தத்துக்கு மட்டும் நடை திறக்கிறது, ஆடியில் மூடிவிடுகிறது. ஆடி வெள்ளிக்கு அம்மன் கோயிலில் ஊரே நிற்கும்போது உங்கள் சாமி மட்டும் லீவு. கோயிலுக்கு முப்பது கிலோ தட்டு கொண்டுபோனால் திரும்பும்போது ஒரு தேங்காய் மூடியும் கொஞ்சம் விபூதியும்தான் மிஞ்சும். உங்கள் லைட் வரும்போதும் வழி முழுக்க எரிந்திருக்கிறது. அப்படியென்றால் போன பாரத்துக்குச் சரியாக வேறு பாரம் ஏறித் திரும்பியிருக்கிறது. தட்டு மாற்றினால்தான் அப்படி வரும். ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகு காலம், நாலு பத்துக்கு வீடு வந்துவிட்டீர்கள். எல்லாம் முறைப்படிதான் நடந்திருக்கிறது. வாழ்த்துகள்.

நீங்கள் என்னை 'நீர்' என்பீர்கள், நான் உங்களை 'நீங்கள்' என்பேன். யாழ்ப்பாணத்தில் 'நீர்' என்பது நெருங்கினவர்களுக்குச் சொல்கிற வார்த்தை என்று நீங்கள்தான் ஒருதடவை விளக்கினீர்கள். முப்பது வருஷமாக அதை நம்பிக்கொண்டிருக்கிறேன். எங்கள் பக்கத்தில் அந்த வார்த்தையைப் போலீஸ்காரர்தான் சொல்வார்.

உங்களைப் புரிந்துகொள்ள முடிகிறது. நாற்பது பேர் முன்னால் வாய் விட்டுவிட்டீர்கள், நாலு வருஷமாக அந்த நாற்பது பேரும் உங்கள் காதைக் கடித்திருப்பார்கள். உங்கள் சம்சாரத்தையும் புரிந்துகொள்ள முடிகிறது. கூலிக்காரன் மகள் என்று நேசம்மா அக்கா சொல்லியிருப்பார், நான் அங்கே இல்லாமலே அந்தக் குரல் எனக்குக் கேட்கிறது. நீங்கள் எல்லாரும் அந்தக் காரில் உட்கார்ந்துகொண்டு போனவர்கள்.

ஓட்டியது யார் என்று மூன்று தடவை எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்டது எண்ணெய் ஆடுகிறதா என்று பார்க்க. மூன்று தடவையும் அவன்தான். எந்த இடத்தில் திரும்ப வேண்டும் என்று தெரிந்து, மேட்டில் கியர் குறைத்து, வாசலில் நிறுத்தி, மூன்று தடவை. என் மகள் ஒவ்வொரு வெள்ளியும் அவனுக்குப் போன் செய்துகொண்டிருக்கிறாள், கிராணியாரே.

நான் தப்பாகக் கணக்குப் போட்டிருந்தால் எழுதுங்கள். உங்கள் காலில் விழுகிறேன். நான் தப்பாக இருக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன்.

அய்யாவு

*

பிரிக்பீல்ட்ஸ்,
16.9.1991

அன்புள்ள அய்யாவு,

நீர் தப்பில்லை.

இதை எழுத ஒரு கிழமை எடுத்தது. நான் வாக்கு மாறினவன் என்று எழுதினால் கை நிற்கிறது, சூழ்நிலை என்று எழுதினால் எனக்கே சிரிப்பு வருகிறது. ஆறு தாள் கிழித்தேன். குணபூசணி குப்பைக்கூடையைப் பார்த்துவிட்டு, கவிதை எழுதுகிறீர்களா என்று கேட்டாள்.

பெண் பல் டாக்டர். பெட்டாலிங் ஜெயா. எங்கள் ஆட்கள். நேசம்மா கொண்டுவந்த இடம். முதலில் சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றார்கள், பார்ப்பதில் என்ன நட்டம் என்று நானும் போனேன். அங்கே வடை நன்றாக இருந்தது. நீர் சிரியும் அய்யாவு, என் நிலைமை அப்படித்தான் இருந்தது. ஒரு மனிதன் தன் வாக்கை விட்டதற்குக் காரணம் கேட்டால் எவ்வளவு பெரிய காரணங்கள் சொல்ல வேண்டும். நான் யோசித்துப் பார்த்தால், ஒவ்வொரு இடத்திலும் எழுந்து நின்று ஒரு சொல் சொல்லக் கூச்சமாக இருந்தது, அதுதான் காரணம். 87-இல் எழுந்து நின்றவன் நான்தான். அன்று வயிற்றில் கொஞ்சம் பிராந்தி இருந்தது. அதை உம்மிடம் சொல்லியிருக்கிறேனா?

உம்மிடம் சொல்லாமல் எப்படி விலகுவது என்று தெரியவில்லை. அப்போது அந்த விளக்கு எரிந்தது. நீர் எனக்குக் குறையுள்ள காரைக் கொடுத்தீர் என்று ஆகிவிட்டால், நான் உமக்குச் செய்தது பாதியாகக் குறைந்துவிடும் என்று எனக்குள்ளே ஏதோ ஒன்று நினைத்திருக்க வேண்டும். ஷா ஆலமில் அவன் 'வாங்கிக் கொடுத்தவருக்குத் தெரியும்' என்றபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அன்றிரவு நன்றாக நித்திரை கொண்டேன். அப்படிச் சந்தோஷப்பட்டவன் உமது முப்பது வருடச் சிநேகிதன்.

உமது 'நீர்' பற்றி. அது அன்பு வார்த்தைதான். அதை மட்டும் நம்பும்.

மகனைக் கேட்டேன், நீ ஏன் ஒருநாளும் மறுக்கவில்லை என்று. "நீங்க ஓட்டச் சொன்னீங்கள், ஓட்டினேன்" என்றான். இருபத்தொன்பது வயது. துறைமுகத்தில் இருபது பேரை வைத்து வேலை வாங்குகிறான். அந்தப் பதிலைக் கேட்டதும், இவனை நான் நன்றாகத்தான் வளர்த்திருக்கிறேன், அப்படியே என்னைப் போல என்று நினைத்தேன்.

கலியாணம் நவம்பர் 10. அழைப்பிதழ் அச்சில் இருக்கிறது. உமக்கு அனுப்புவதா, அனுப்பாமல் விடுவதா, எது குறைந்த அவமானம் என்று தெரியவில்லை. நீரே சொல்லும்.

சீவரத்தினம்

*

கிள்ளான்,
20.9.1991

சீவரத்தினம் அவர்களுக்கு,

தபாலில் அனுப்ப வேண்டாம். தபாலில் வந்தால் பிரிக்காமல் திருப்பிவிடுவேன்.

கையில் கொண்டுவந்து கொடுங்கள். நீங்களும் உங்கள் சம்சாரமும், தட்டு, வெற்றிலை, குங்குமம், முறையாக. மாப்பிள்ளையும் வர வேண்டும். சொல்ல வேண்டியதை என் மகள் காதில் விழும்படி சொல்லுங்கள். நாற்பது பேர் முன்னால் கொடுத்ததை நாலு பேர் முன்னாலாவது வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

உங்கள் கடிதம் வந்த பிறகு சந்திரகலாவிடம் சொன்னேன். அதற்கு முன் பதினொரு நாள் சொல்லாமல் மறைத்தேன். அவள் முகத்தைப் பார்த்தால் உளறிவிடுவேன் என்று வீட்டில் தினமும் வயிற்றுவலி என்று சொல்லிக்கொண்டு படுத்துக்கிடந்தேன். இராஜம்மா பத்து நாள் கஞ்சி கொடுத்தாள்.

அவளுக்கு ஜூலையிலேயே தெரியும். யாரும் சொல்லவில்லை. அவள் பேங்கில் கவுண்டரில் இருப்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் மகன் ஆபீஸ் பணம் கட்ட அங்கே வருவான், எவ்வளவு கூட்டமாக இருந்தாலும் அவள் வரிசையில்தான் நிற்பான். ஜூலை கடைசியில் ஒருநாள் வந்தான். அவள் கவுண்டரில் ஆளே இல்லை. அடுத்த கவுண்டரில் ஏழு பேர். அவன் ஏழு பேருக்குப் பின்னால் போய் நின்றான். எட்டாவது ஆளாக நின்று, தரையைப் பார்த்துக்கொண்டே நகர்ந்து, கட்டிவிட்டுப் போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை போன் என்று நான் எழுதினேன் அல்லவா. ஜூலையோடு அதுவும் இல்லை. டெலிபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, எண்ணைச் சுற்றாமலே பேசியிருக்கிறாள். எனக்காக. எனக்குத் தெரிந்தால் உங்கள் சிநேகிதம் போய்விடும், அப்பாவுக்கு வேறு சிநேகிதர் இல்லை என்று. அவள் என்னிடம் மறைத்தாள், நான் அவளிடம் மறைத்தேன். உங்கள் குடும்பத்தைக் காப்பாற்ற என் வீட்டில் இரண்டு பேர் நாடகம் போட்டிருக்கிறோம்.

அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை, காலையில் வாருங்கள். காரை வீட்டில் விட்டுவிட்டு வர வேண்டாம், கொண்டுவாருங்கள். எண்ணெய் வாங்கி வைத்திருக்கிறேன். என் அரை லிட்டரை நான் தீர்த்துவிடுகிறேன்.

அய்யாவு

*

பிரிக்பீல்ட்ஸ்,
9.10.1991

அன்புள்ள அய்யாவு,

வந்து போனோம். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை. உமது வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து முதல் பத்து நிமிடம் மழையைப் பற்றிக் கதைத்தது நினைவிருக்கிறது. பிறகு உமது மகள் வந்து எதிரில் உட்கார்ந்து, "சொல்லுங்க மாமா" என்றாள். அந்தப் பிள்ளை எனக்கு உதவி செய்தாள் என்று இப்போது நினைக்கிறேன். குணபூசணி வீடு வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. கலியாணமான முப்பத்தொரு வருடத்தில் இப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை.

ஒன்று கேட்க வேண்டும். கனகலிங்கம் உள்ளே வரவில்லை. எஞ்சினைப் போட்டுக்கொண்டு காரிலேயே இருந்துவிட்டான். நாங்கள் எழும்பும் முன் உமது மகள் வெளியே போய் அவனிடம் ஏதோ சொன்னதை ஜன்னலால் கண்டேன். கன நேரம் இல்லை. திரும்பும் வழியில் சுபாங் தாண்டும்வரை அவன்தான் ஓட்டினான். பிறகு ரோட்டோரத்தில் நிறுத்தி, சாவியை என் மடியில் வைத்துவிட்டு, பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான். புரை விழுந்த கண்ணோடு நான்தான் ஓட்டி வந்தேன். மூன்று நாளாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை. என்ன சொன்னாள் என்று கேட்டால் எழுந்து போகிறான்.

சபித்தாளா? சபித்திருந்தால் நியாயம், நான் குறை சொல்ல மாட்டேன். என்ன சொன்னாள் என்பதை மட்டும் எழுதும். இந்தக் கலியாணத்தை நடத்துவதா வேண்டாமா என்றுகூட யோசிக்கிறேன்.

சீவரத்தினம்

*

கிள்ளான்,
14.10.1991

சீவரத்தினம் அவர்களுக்கு,

கலியாணத்தை நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் அந்தப் பல் டாக்டர் பெண்ணின் அப்பாவும் யாருக்காவது கடிதம் எழுத வேண்டிவரும். நல்லபடியாக நடத்துங்கள். நானும் இராஜம்மாவும் வர மாட்டோம். நீங்கள் வைத்துவிட்டுப் போன வெற்றிலைத் தட்டை இராஜம்மா சாமி அறையில் வைக்கவில்லை, தூக்கியும் எறியவில்லை. சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. அதைச் சுற்றிச் சாப்பிடுகிறோம்.

நீங்கள் கேட்டதை நான் சந்திரகலாவிடம் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை, நான் அங்கே இருந்தேன். நீங்கள் உள்ளே மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது எண்ணெய் ஊற்றிவிட்டேன். நடுவில் உள்ளே வந்து நீங்கள் சொன்னதை முழுக்கக் கேட்டேன். பிறகு பொனட்டை மூடப் போன இடத்தில், அவள் வந்ததால், மூடாமல் அதன் பின்னாலேயே நின்றுகொண்டேன். ஐம்பத்திரண்டு வயதில் பொனட்டுக்குப் பின்னால் ஒளிந்து நின்று ஒட்டுக் கேட்கிறவன் என்று நீங்கள் எழுதிவைத்துக்கொள்ளலாம்.

சபிக்கவில்லை. அழவில்லை. வீட்டு வாசலுக்கு யார் வந்தாலும் தண்ணீர் கொடுப்பது வழக்கம். உள்ளே உங்கள் இரண்டு பேருக்கும் கொடுத்தாயிற்று, வெளியே ஒருவர் இருக்கிறாரே என்று அவளே எடுத்துக்கொண்டு வந்தாள். நல்ல கிளாஸ், வந்தவர்களுக்கு வைக்கிற கிளாஸ். ஜன்னல் கண்ணாடியைத் தட்டினாள். அவன் இறக்கினான். ஏதோ சொல்ல ஆரம்பித்தான், "கலா, நான்" என்றான். அவள் காத்திருந்தாள், கிராணியாரே. நான் பொனட் இடுக்கு வழியாகப் பார்த்தேன். அவசரப்படுத்தாமல், கிளாஸைப் பிடித்தபடி, அவன் சொல்லி முடிப்பதற்கு வேண்டிய நேரத்துக்கு மேலேயே காத்திருந்தாள். அவன் தரையைப் பார்க்க முடியாது, காருக்குள் இருக்கிறான். ஸ்டீயரிங்கைப் பார்த்தான்.

அப்புறம் அவள் கிளாஸை நீட்டினாள்.

எங்கள் பட்டறையில் ஆயிரம் பேர் வந்து போகிறார்கள். பெயர் தெரியாதவர்கள், பழக்கமில்லாதவர்கள், ஒருதடவை வந்து காரை எடுத்துக்கொண்டு இனி வராதவர்கள். அவர்கள் எல்லாரையும் நான் ஒரே மாதிரிதான் கூப்பிடுவேன். அவள் சின்ன வயதிலிருந்து அதைக் கேட்டு வளர்ந்தவள்.

"தண்ணி குடிங்க, பாஸ்" என்றாள்.

அவன் வாங்கிக் குடித்தான். அவள் கிளாஸைத் திருப்பி வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் பொனட்டை மூடினேன்.

அய்யாவு